ஒத்த ஓட்டு: கேள்வி-பதில்

மில் ஷிஃப்ட்காரர், ராஜபாளையம்: என் ஒத்த ஓட்டு விழாட்டி என்ன கவிழ்ந்துடப் போகுது?

கவிழ்ந்திருக்கிறது. 1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் வாஜ்பாய் அரசுக்கு ஆதரவு 269, எதிர்ப்பு 270. ‘அது எம்.பி. ஓட்டு’ என்பீர்கள். நம்மைப் போல வரிசையில் நின்று போட்டவர்கள் கணக்கும் உண்டு. 2004-ல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் 40,752-க்கு 40,751. 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் 62,216-க்கு 62,215. அங்கே தோற்ற சி.பி. ஜோஷி அப்போது மாநில காங்கிரஸ் தலைவர். முதல்வர் நாற்காலிக்கே பேசப்பட்டவர். ‘கால் வலி, போகலை’ என்று வீட்டில் படுத்துக்கொண்ட தொண்டர் ஒருவர் மறுநாள் எந்த முகத்தோடு கட்சி ஆபீஸ் படியேறியிருப்பார்!

சந்தேகப் பிராணி, சேத்தூர்: அதெல்லாம் வெளியூர்க் கதை. நம்ம பக்கம் ஆயிரக்கணக்குலதானே ஜெயிக்கிறாங்க?

உங்கள் தொகுதிக் கணக்கையே எடுப்போம். 2021-ல் ராஜபாளையத்தில் தி.மு.க.வின் தங்கப்பாண்டியன், அன்றைய பால்வளத் துறை அமைச்சர் ராஜேந்திர பாலாஜியைத் தோற்கடித்தது 3,898 ஓட்டில். இதைப் புரட்டிப் போட 3,898 பேர் வேண்டாம். தங்கப்பாண்டியனுக்குப் போட்டவர்களில் 1,949 பேர் பாலாஜிக்குப் போட்டிருந்தால் சமம். இன்னும் ஒரே ஒருத்தர் மாறினால் முடிவே வேறு.

பக்கத்துத் தென்காசிக்கு வாருங்கள். அதே 2021-ல் சட்டமன்றத் தொகுதியில் காங்கிரஸின் பழனி நாடார் ஜெயித்தது 370 ஓட்டில். அது ஒரு கல்யாணப் பந்திக் கூட்டம். 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. ஒரு டவுன் பஸ். அதிலும் தபால் ஓட்டுக்குத் தலைமையாசிரியர் போட்ட சான்றுக் கையெழுத்து செல்லுமா, செல்லாதா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது.

பெருசு, மம்சாபுரம்: பெரிய ஆளு நின்னா நம்ம ஓட்டு என்ன செய்யும் தம்பி?

ஐயா, இந்தக் கேள்வியை உங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ராஜபாளையத்து பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் சென்னை மாகாணத்தின் முதல்வர். நேர்மையானவர். தன் வீட்டையே கலைக்குக் கொடுத்த மனிதர். காந்தி கலை மன்றம் அப்படி வந்ததுதான். அவர் முதல்வரான காலத்தில் பெரும்பாலும் சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. 1952-ல்தான் வயது வந்த எல்லோருக்கும். களை பறித்த கையும் தறி நெய்த கையும் முதல்முதலாகச் சீட்டைப் பெட்டிக்குள் போட்டன. அந்தத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்ற முதல்வர் தோற்றார்! 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152-தான். அடுத்து ராஜாஜி வந்தார். குமாரசாமி ராஜா பின்னாளில் ஒடிசா ஆளுநரானார்.

1967-ல் விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் தோற்றார். பெரிய ஆள் என்று பார்த்துக் கை நடுங்குகிற மாவட்டமா இது? (இரண்டு தோல்வியும் சரிதானா என்று கேட்காதீர்கள். எனக்கு வருத்தம்தான்.)

ரதவீதிவாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்: ஆடிப்பூரத் தேர்ல நான் வடம் பிடிக்கலைன்னாலும் தேர் நிலைக்கு வந்துடுது. ஓட்டும் அப்படித்தானே?

வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டே நடந்தாலும் இழுத்த பேர் கிடைக்கும். ஓட்டில் அந்த ஏமாற்று வேலை நடக்காது.

விசைத்தறிக்காரர், சத்திரப்பட்டி: தோக்கிற ஆளுக்குப் போட்டா ஓட்டு வீண்தானே?

வாக்கு எண்ணும் மேசையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் கட்சி ஏஜென்டுகள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு இயந்திரமும் திறக்கத் திறக்க, எந்த பூத்தில் யாருக்கு எத்தனை என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு தேர்தல் ஆணையமே பூத் வாரியாக வெளியிடும். ஜெயித்தவரும் தோற்றவரும் அடுத்த ஐந்து வருஷம் அந்தத் தாளைத்தான் புரட்டுவார்கள். உங்கள் தெருவில் எதிராளிக்கு எவ்வளவு விழுந்தது என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரியும். ஓட்டே போடாத தெருவும் அதில் தெரியும். அந்தத் தெருவுக்கு யார் பயப்படுவார்?

இன்னொன்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ், ஓட்டுப்பதிவு முடிந்த ஐந்தாம் நாள் கொரோனாவால் இறந்துபோனார். மே 2-ம் தேதி அவருக்கு விழுந்த 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டையும் ஒன்று விடாமல் எண்ணினார்கள். ஜெயித்தது அ.தி.மு.க.வின் மான்ராஜ். ஆளே இல்லாதபோதும் ஓட்டுக்குக் கணக்கு இருந்தது.

நைட்டி தைப்பவர், தளவாய்புரம்: அன்னைக்கு லீவு போட்டா கூலி போயிருமே அண்ணே?

போகாது தங்கச்சி. தேர்தல் நாளில் சம்பளத்தோடு லீவு தரவேண்டும் என்பது சட்டம், தினக்கூலிக்கும் சேர்த்து. முதலாளி முறைத்தால், அவர் விரலில் மை இருக்கிறதா என்று பாருங்கள்.

குழப்பவாதி, ராஜபாளையம்: மாவட்டம் விருதுநகர், எம்.பி. ஓட்டு தென்காசிக்கு. இது என்ன கூத்து?

தொகுதி வரைந்தவரைக் கேளுங்கள். 2024-ல் விருதுநகரில் மாணிக்கம் தாகூர் 4,379 ஓட்டில் கரையேறியபோது நாம் பக்கத்து வீட்டுச் சண்டையை மொட்டை மாடியிலிருந்து பார்த்த மாதிரி பார்த்தோம்.

ஏமாந்தவர், வத்திராயிருப்பு: நான் போறதுக்குள்ள என் ஓட்டை எவனோ போட்டுட்டா?

திட்டிவிட்டுத் திரும்பி வராதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபித்து, 49பி விதிப்படி டெண்டர் ஓட்டு கேளுங்கள். காகிதச் சீட்டு தருவார்கள். அதை உறைக்குள் தனியாக வைப்பார்கள். அன்று எண்ண மாட்டார்கள்தான். ஆனால் வித்தியாசம் ஒன்றாக இருந்தால்? நாத்துவாரா வழக்கு டெல்லி வரை போனது இந்த உறைகளைப் பிடித்துக்கொண்டுதான்.

இனிப்புப் பிரியர், ஸ்ரீவில்லிபுத்தூர்: ஓட்டுப் போட்டா கால் கிலோ பால்கோவா தருவாங்களா?

தந்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் வழக்கு. காசு கொடுத்து நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். மை காய்ந்த பிறகு சாப்பிடுங்கள். அதில் இருக்கும் சில்வர் நைட்ரேட் பால்கோவாவுக்குச் சேராது.