சாட்சி இல்லாத விசில்

கூடைப்பந்து ரசிகர்கள் இரண்டு விஷயங்களை அடித்துச் சொல்வார்கள். பள்ளிக்கூட ஆட்டத்தில் விசில் ஊதுகிறவருக்குக் கண் தெரியாது. என்பிஏ ஆட்டத்தில் ஊதுகிறவருக்குக் கண் தெரிந்தாலும் ஊத மனசு வராது. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. இருவருக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் இல்லை, சாட்சியில் இருக்கிறது. கேமராக்கள் பெருகப் பெருக நடுவரின் தீர்ப்பு துல்லியமாகிறது. அவர் பேச்சுக்கு இருக்கும் மரியாதையோ தேய்ந்துகொண்டே போகிறது. பிழையே செய்யாதவர் சொல்லும் தீர்ப்பைவிட, பிழையை நிரூபிக்க வழியில்லாதவர் சொல்லும் தீர்ப்புதான் நிலைக்கிறது.

முதலில், பந்தைத் தட்டாமல் கூடுதல் எட்டு வைக்கிற ‘டிராவலிங்’கை என்பிஏவில் ஊதுவதில்லை என்ற புகாரைத் தீர்த்துவிடலாம். ‘மூணு எட்டு வைக்கிறான், பார்த்துக்கிட்டே நிக்கிறாரே’ என்று டிவியைப் பார்த்துக் கத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது, அங்கே விதியே வேறு என்பது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறவர் அதைக் கைக்குள் அணைத்துக்கொள்ளும் நொடியில் தரையில் இருக்கும் கால் என்பிஏ கணக்கில் வராது; எண்ணிக்கை அதற்குப் பிறகுதான் தொடங்கும். சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவும் 2017இல் இதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் விதிப்புத்தகத்தில் இந்தச் சலுகை கிடையாது. இரவெல்லாம் டிவி பார்த்துப் பழகிய பையன் மறுநாள் பள்ளியில் அதே எட்டை வைக்கிறான், விசில் பறக்கிறது. பையன் பார்த்ததும் சரி, நடுவர் படித்ததும் சரி. என்பிஏவில் டிராவலிங்கே ஊதுவதில்லை என்பதும் பொய்தான். 2009 ஜனவரியில் வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகளில் லெப்ரான் ஜேம்ஸுக்கே ஊதினார்கள். அது டிராவலிங் இல்லை, ‘நண்டு டிரிப்பிள்’ என்று அவர் விளக்கம் கொடுக்க, பத்திரிகைகள் அதை அலசித் தீர்த்தன. ஒரு பள்ளிப் பையன் அந்த விளக்கத்தைச் சொல்லியிருந்தால் பெஞ்சில் உட்கார்ந்துதான் சொல்லியிருப்பான்.

இனி சாட்சி விஷயத்துக்கு வருவோம். என்பிஏ நடுவர்கள் மூவர். அவர்களுக்கு மேல், 2014 முதல் நியூ ஜெர்சியின் செக்காக்கஸில் ஓர் அறை நிறையத் திரைகளை வைத்துக்கொண்டு ஆட்டங்களைக் கண்காணிக்கிறார்கள். 2015 முதல், இழுபறியான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களில் எந்த விசில் சரி, எது தவறு, எங்கே ஊதாமல் விட்டார்கள் என்று மறுநாள் லீகே அறிக்கை வெளியிடுகிறது. தவறு என்று அறிக்கை சொன்னாலும் முடிவு மாறாது. தோற்ற அணிக்குக் கிடைப்பது, நாம் அநியாயமாகத்தான் தோற்றோம் என்ற அதிகாரபூர்வமான உறுதிமொழி. 2019-20 பருவத்திலிருந்து பயிற்சியாளரும் தீர்ப்பை எதிர்த்து மறுபார்வை கேட்கலாம். இத்தனைக்கும் பிறகு அங்கே அமைதி நிலவுகிறதா என்றால், 2023 ஜனவரியில் பாஸ்டனில் நடந்ததைப் பாருங்கள். கடைசி நொடியில் கூடைக்குப் போன லெப்ரானின் கையில் அடி விழுந்தது, விசில் வரவில்லை. அவர் தரையில் மண்டியிட்டுப் புலம்ப, சக வீரர் பாட்ரிக் பெவர்லி ஒரு புகைப்படக்காரரின் கேமராவையே வாங்கிக்கொண்டு போய் நடுவரிடம் காட்டினார். சாட்சியைக் கொண்டுவந்த குற்றத்துக்காக அவருக்கு டெக்னிக்கல் ஃபவுல். கூடுதல் நேரத்தில் பாஸ்டன் ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும், தவறு நடந்துவிட்டது என்று நடுவர் தரப்பே ஒப்புக்கொண்டது.

‘தொழில்முறை நடுவர்களின் அதிகாரம் உங்களுக்குத் தெரியாது, சிரித்ததற்காக டிம் டங்கனை வெளியே அனுப்பினார்களே’ என்று ஒருவர் கேட்கக்கூடும். அனுப்பியது உண்மைதான். 2007 ஏப்ரலில், பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த டங்கனை, உலகத்திலேயே அதிகம் முகபாவம் காட்டாத ஆட்டக்காரர் என்று பெயரெடுத்த மனிதரை, ஜோயி க்ராஃபோர்ட் வெளியேற்றினார். அடுத்து நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? சிரித்தது கேமராவில் இருந்தது. பருவம் முடியும்வரை க்ராஃபோர்டை லீக் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இதே காரியத்தை ஒரு பள்ளி நடுவர் செய்திருந்தால், அந்தப் பையன் சிரித்தானா முறைத்தானா என்று ஊரார் இரண்டு கட்சியாகப் பிரிந்திருப்பார்கள். நடுவர் அடுத்த சனிக்கிழமை வேறொரு பள்ளியில் ஊதிக்கொண்டிருப்பார்.

சாட்சி இருந்தால் நீதி கிடைக்குமே என்பது இன்னொரு வாதம், கனமான வாதமும்கூட. கிடைக்கும், எப்படிக் கிடைக்கும் என்பதுதான் வேடிக்கை. 2007 டிசம்பர் 19 அன்று அட்லாண்டாவில் ஷாகில் ஓ நீலின் ஐந்தாவது ஃபவுலை ஆறாவது என்று ஸ்கோர் மேசைக்காரர்கள் தவறாக எழுதிவிட்டார்கள். ஆறு ஆனால் வெளியே. மனிதர் போய்விட்டார், அவருடைய மயாமி அணி தோற்றது. புகார் போனது, லீக் விசாரித்தது, ஏற்றுக்கொண்டது. கடைசி 51.9 நொடிகளை மட்டும் மறுபடி ஆடும்படி உத்தரவு. 2008 மார்ச் 8 அன்று ஆடினார்கள். அதற்குள் ஷாகில் ஃபீனிக்ஸ் அணிக்கு மாற்றப்பட்டிருந்தார். யாருக்காக நீதி வழங்கப்பட்டதோ அவர் ஊரிலேயே இல்லை. 51.9 நொடிகளில் இரண்டு அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, மயாமி இரண்டாவது முறையும் தோற்றது. உயர்நிலைப் பள்ளி விதிப்புத்தகமோ இந்தத் தலைவலியே வேண்டாம் என்று, ஆட்டத்துக்கு எதிரான புகாரையே ஏற்பதில்லை. நடுவர்கள் மைதானத்தை விட்டுக் கண்ணுக்கு மறைந்ததும் அவர்கள் அதிகாரம் முடிகிறது; அதற்குப் பிறகு தீர்ப்பைத் திருத்த ஆளும் கிடையாது.

பள்ளி நடுவர் பெற்றோரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறாரே, அவருக்கு என்ன பெரிய அதிகாரம் என்கிறீர்களா? கத்துகிறவர்களிடம் குரலைத் தவிர வேறொன்றும் இல்லாததால்தான் அப்படிக் கத்துகிறார்கள். அல்லது இதுவரை இல்லை. இப்போது எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது; செக்காக்கஸ் அறை அப்படியே பள்ளி கேலரிக்கு வந்துவிட்டது, பள்ளி நடுவருக்குத்தான் அதில் பங்கில்லை. மாநில சாம்பியன்ஷிப் போன்ற சில ஆட்டங்களுக்கு விலக்கு உண்டு. மற்றபடி ரீப்ளே பார்த்துத் தீர்ப்புச் சொல்ல விதி அவரை விடுவதில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் அம்மா தெளிவான வீடியோவை நீட்டினாலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். பெவர்லிக்குக் கொடுத்ததுபோல டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்கலாம் என்றால், அந்த அம்மா எந்த அணியிலும் ஆடவில்லை.