முட்டுக்கொடுக்க ஓர் ஆள்

பார்சிலோனா,
ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு வீடியோ வந்தது. எல்லோரும் சிதறி ஓடுகிற இடத்தில் உங்கள் துண்டு மட்டும் தெரிகிறது, ஆளைக் காணோம். வேலி தாண்டியவர் நீங்கள்தான் என்று அத்தை சொல்கிறாள். நான் எதுவும் சொல்லவில்லை.

"அந்த ஊரிலும் மாட்டோடு மல்லுக்கட்டுவார்களாமே, போய்ப் பார்த்தாயா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே இருக்கும் மாட்டுச்சண்டை அரங்கு ஒன்றுக்கு அடிக்கடி போகிறேன். சட்டை வாங்கத்தான். 2011-லேயே அதை வணிக வளாகமாக்கிவிட்டார்கள். உள்ளே துணிக்கடைகள், சினிமா தியேட்டர், மொட்டைமாடியில் ஓட்டல்கள். வெளிச்சுவர் மட்டும் பழைய கம்பீரத்தோடு நிற்கிறது.

மாட்டுச்சண்டை வழக்கு விவகாரம் உங்களுக்குப் பிடிக்கும். 2010-ல் இந்த ஊர் இருக்கும் கட்டலோனியா மாநிலத்தின் நாடாளுமன்றம் மாட்டுச்சண்டை கூடாது என்று சட்டம் போட்டது. 2016-ல் ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம், அப்படித் தடை செய்ய உங்களுக்கு அதிகாரமில்லை என்று அதை ரத்து செய்தது. நம் ஜல்லிக்கட்டை 2014-ல் நீதிமன்றம் கூடாது என்றது, 2017-ல் சட்டமன்றம் நடத்து என்றது. இங்கே அதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், தடை நீங்கிய பிறகும் இங்கே ஒருவரும் சண்டை நடத்தவில்லை. ஆனால் தெற்கே எப்ரோ ஆற்றுப் பக்கத்து ஊர்களில் தெருவில் மாட்டை அவிழ்த்துவிட்டு முன்னால் ஓடுகிறார்கள். அதற்குத் தடையே இல்லை. நீங்கள் வந்தால் அழைத்துப் போகிறேன். துண்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. கடிதத்தில் "ஸ்பானியர்கள்" என்று எழுதியிருந்தீர்கள். என் வீட்டுக்காரம்மாவுக்குப் படித்துச் சொன்னபோது அந்த இடத்தை மட்டும் முழுங்கிவிட்டேன். சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சிக்காலத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளை அவர். வீட்டில் பேசிய கட்டலான் மொழியைப் பள்ளியில் எழுதப் படிக்கச் சொல்லித்தரவில்லை. எழுபது வயதுக்கு மேலும் அந்தக் கோபம் ஆறவில்லை. வாடகையை ஒருநாள் தாமதமாகக் கொடுத்தால்கூடப் பொறுத்துக்கொள்வார், தன்னை ஸ்பானியர் என்று சொல்வதைப் பொறுக்க மாட்டார்.

இந்த ஊர்க்காரர்கள் கணக்குப் பார்ப்பவர்கள், அளந்து பேசுபவர்கள் என்று மற்ற ஸ்பெயின்காரர்கள் கேலி செய்வார்கள். நானும் நம்பினேன், ஞாயிற்றுக்கிழமை இவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்பதைப் பார்க்கும்வரை. கஸ்தெல் என்று பெயர். மனிதக் கோபுரம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வல்ஸ் என்ற சின்ன ஊரில் தொடங்கியது. 2010-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. எட்டு அடுக்கு, ஒன்பது அடுக்கு என்று ஏறுகிறார்கள். வில்லாஃபிராங்கா ஊர்க் குழு 1998-ல் பத்தாம் அடுக்கையும் தொட்டது. வெள்ளைக் காற்சட்டை, குழுவின் நிறத்தில் சட்டை, வெறுங்கால், இடுப்பில் கறுப்புத் துணி. அந்தத் துணி சில மீட்டர் நீளம். ஒருவர் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொள்ள, கட்டுகிறவர் தானே சுழன்று சுழன்று சுற்றிக்கொள்கிறார். முதுகுக்குப் பிடிமானம், மேலே ஏறுகிறவருக்குக் கால்படி.

உச்சியில் ஏறுவது ஒரு சின்னப் பிள்ளை. பல் விழுந்து முளைக்கிற வயது, தலையில் ஹெல்மெட். அணில் மாதிரி ஏறி, உச்சியில் ஒரு கையை உயர்த்திவிட்டு, மறுபக்கமாக இறங்கிவிடும். கூட்டம் அலறும். எனக்கு வயிற்றைப் பிசையும். பிள்ளையின் அம்மா எங்கே என்று தேடினால், அவள் மூன்றாவது அடுக்கில் நிற்கிறாள்!

கோபுரம் எழும்பினால் மட்டும் போதாது. ஒருவர் பின் ஒருவராகப் பத்திரமாக இறங்கினால்தான் முழு வெற்றி. ஏறிய பிறகு சரிந்தால் மதிப்புக் குறைவு. நம் அரசியல்வாதிகளுக்கு இந்த விதி இருந்தால் நன்றாக இருக்கும்.

என்னை ஏற்றிவிட்டார்களோ என்று அம்மா பதற வேண்டாம். அடியில் ஒரு பெரும் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு முட்டுக்கொடுக்கும். அதற்குப் பின்யா என்று பெயர். வேடிக்கை பார்க்க வந்தவனையும் "வா, வந்து தள்ளு" என்று ஓரத்தில் சேர்த்துக்கொள்வார்கள். விசா கேட்கவில்லை, எடை கேட்டார்கள். முன்னால் நிற்பவரின் முதுகில் கையை வைத்துத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். மேலே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. நாயனத்துக்குத் தம்பி போன்ற கிரல்யா என்ற குழலை ஊதுவார்கள். அந்தப் பாட்டு மாறுவதை வைத்துத்தான் கோபுரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அடியிலிருப்பவர்களுக்குத் தெரியும். விழுந்தால் எங்கள் மேல்தான் விழுவார்கள். அதற்காகத்தான் நாங்கள்.

அத்தை கொலுவுக்கு "அந்த ஊர் விசேஷப் பொம்மை" கேட்டிருந்தாள். இங்கேதான் மாமா, உங்கள் உதவி தேவை. கிறிஸ்துமஸுக்கு இவர்களும் குடில் வைத்து, குழந்தை யேசு, மாதா, இடையர்கள், ராஜாக்கள் என்று கொலு மாதிரியே அடுக்குவார்கள். ஓரமாக, ஒரு புதருக்குப் பின்னால், சிவப்புத் தொப்பி போட்ட குடியானவன் ஒருவன் காற்சட்டையை இறக்கிவிட்டுக் குந்தியிருப்பான். எதற்கு என்று நான் எழுத வேண்டியதில்லை. பெயர் ககனேர். நிலத்துக்கு உரம், வரும் வருஷம் விளைச்சல் என்று விளக்கம் சொல்கிறார்கள். 1786 முதல் கதீட்ரல் வாசலில் கூடும் சந்தையில் போப், மெஸ்ஸி, அமெரிக்க அதிபர் எல்லோரும் இதே கோலத்தில் விற்பனைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படிச் செய்துவைப்பது மரியாதையாம்! 2005-ல் நகராட்சி தன் குடிலில் இவனை வைக்காமல் விட்டது. பொது இடத்தில் அசுத்தம் செய்யக்கூடாது என்று அவர்களே விதி போட்டிருந்தார்களே. ஊர் கொதித்தெழுந்தது. அடுத்த வருஷம் ஆள் திரும்பி வந்து குந்திவிட்டான்.

இதற்குமேல் தியோ என்ற மரக்கட்டை. டிசம்பர் 8 முதல் அதற்கு முகம் வரைந்து, போர்வை போர்த்தி, தினமும் ஆரஞ்சுத் தோலும் ரொட்டியும் ஊட்டுவார்கள். கிறிஸ்துமஸ் வந்ததும் பிள்ளைகள் கம்பால் அடித்து, "கக்கா போ" என்று பாடுவார்கள். போர்வையைத் தூக்கினால் மிட்டாய்! அத்தையிடம் இரண்டையும் நீங்களே பக்குவமாகச் சொல்லி, எது வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். என்னால் ஆகாது.

சர்தானா என்ற வட்ட நடனமும் உண்டு. கைகோத்து, அடியை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே ஆடுவார்கள். கைப்பைகளை எல்லாம் வட்டத்தின் நடுவில் குவித்துக்கொள்கிறார்கள். பார்சிலோனா ஜேப்படிக்குப் பேர்போன ஊர். இதைவிடப் பத்திரமான லாக்கரை நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 23 இங்கே சான் ஜோர்டி நாள். அரசு விடுமுறைகூட இல்லை. ஆனால் தெருவெல்லாம் ரோஜாவும் புத்தகமும்தான். வேண்டியவர்களுக்கு ஒரு பூ, ஒரு புத்தகம் கொடுப்பார்கள். யுனெஸ்கோ 1995-ல் உலகப் புத்தக நாளை அறிவித்தபோது இதே தேதியைத்தான் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு தமிழ்ப் புத்தகம் கொடுக்க ஆசை. படிக்கத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். எங்கள் எழுத்தைப் பாருங்கள் என்று காட்டத்தான். படம் போட்ட நல்ல பதிப்பாக ஒன்றை மார்ச் கடைசிக்குள் அனுப்பிவிடுங்கள். ரோஜா நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
முத்துப்பாண்டி