கடல் ஓசி, கரைக்குப் போகத்தான் காசு

பாயிண்ட் லீசாஸ், டிரினிடாட்

அன்புள்ள அத்தானுக்கு,

தென்னை மரத்தடியில் நான் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "உன் தம்பி சம்பளத்தையெல்லாம் கடலில் கரைக்கிறான்" என்று நீங்கள் அக்காவிடம் சொன்ன செய்தி மும்பை தேவ்நாரிலிருந்து அன்றைக்கே இங்கே வந்து சேர்ந்துவிட்டது. பெஸ்ட் பஸ்ஸில் ஆயுசு முழுக்க டிக்கெட் கொடுத்தவரிடம் கணக்குக் காட்டாமல் தப்ப முடியுமா? இதோ காட்டுகிறேன்.

வேலையில் குறையில்லை. அமோனியா பிளான்ட். தேவ்நார் குப்பைமேட்டுக் காற்றில் வளர்ந்தவன் ஆனதால், மூக்கைப் பொத்தாத ஆள் என்று எனக்கு இங்கே தனி மரியாதை.

கரீபியன் என்றால் கோவண்டி, செம்பூர், திலக் நகர் ஸ்டேஷன்கள் மாதிரி தீவுக்குத் தீவு வரிசையாக இறங்கி ஏறலாம் என்று நம் சால் குடியிருப்பில் எல்லோரும் நினைக்கிறீர்கள். இங்கிருந்து ஜமைக்கா சுமார் 1,800 கிலோமீட்டர். விமானத்தில் மும்பையிலிருந்து கொல்கத்தா போவதைவிடத் தூரம். நாட்டுக்கு நாடு அரசாங்கம் வேறு, பெரும்பாலும் பணமும் வேறு. பார்படோஸ் போய்வந்த எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் விமானக் கட்டணத்தைப் பற்றியே பேசுகிறார். கடலைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனவே நம்ம மாதிரி ஆட்கள், இருக்கிற தீவை முழுசாகச் சுற்றிவிட்டு, இதே நாட்டைச் சேர்ந்த டொபேகோவுக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

தீவுக்குள் சுற்ற மாக்சி டாக்சி. வேனின் இடுப்பில் கலர்ப் பட்டை இருக்கும்: மஞ்சள் மேற்கே, சிவப்பு கிழக்கே, பச்சை தெற்கே. கோவண்டி ஷேர் ஆட்டோவுக்குச் சித்தப்பா முறை. ஆள் நிரம்பினால்தான் நகரும். இந்த ஊர் 'சோகா' பாட்டு மட்டும் ஆள் ஏறாமலே அலறும்.

பசித்தால் டபுள்ஸ். இரண்டு 'பரா' ரொட்டி, நடுவே கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச் சட்னி, மிளகாய். 1845 மே 30 அன்று 'பத்தேல் ரசாக்' கப்பல் முதன்முதலாக இந்தியர்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து இறக்கியது. அவர்கள் வழியில் வந்தவர்கள் உண்டாக்கிய தின்பண்டம் இது. மிளகாய் எவ்வளவு என்று கடைக்காரர் கேட்பார். உடன் வந்த நாகர்கோவில்காரர் மீசையைத் தடவிக்கொண்டு 'ஹெவி' என்றார். அப்புறம் அரைமணி நேரம் அவர் பேசியது தமிழா மலையாளமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மராக்கஸ் கடற்கரை பேர்போனது. பொரித்த ரொட்டிக்குள் பொரித்த சுறாவை வைத்துத் தருகிறார்கள். சனம் வரிசையில் நின்று வாங்குகிறது. அக்கா கையால் சுறாப்புட்டு சாப்பிட்டவனுக்கு இது சுமார்தான். ஆனாலும் தின்றேன். அந்தச் செலவை எழுதிக்கொள்ளுங்கள்.

டொபேகோ கப்பலுக்குப் போகவும் வரவும் டாலரில் கட்டணம். இந்த ஊர் டாலர் அத்தான், ஒன்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று ரூபாய்தான்; அமெரிக்க டாலர் என்று பதறவேண்டாம். விமானம் 25 நிமிஷத்தில் போகும் இடத்துக்குக் கப்பல் நாலு மணி நேரம் எடுக்கிறது. வடமேற்கு முனையில் 'போக்காஸ்' ஜலசந்தியைத் தாண்டியதும் கப்பல் ஆடும் ஆட்டத்தில் அதுவரை சீட்டாடியவர்கள் சீட்டைப் போட்டுவிட்டுச் சாமியைக் கூப்பிட்டார்கள். டொபேகோவில் இறங்கினால் பிஜன் பாயிண்ட் கடற்கரையில் நுழைவுக்கட்டணம். ஓலைக்கூரை போட்ட அந்தப் படகுத்துறையைக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். பக்கத்து ஸ்டோர் பேயில் கட்டணமே இல்லை, தண்ணீரும் அதே தண்ணீர். என் படத்தில் இருப்பது ஓசித் தென்னை.

எனக்கு மிகவும் பிடித்த கரைக்குச் செலவே கிடையாது என்று சொல்லலாம். என் அறையிலிருந்து கூப்பிடு தூரம், வாட்டர்லூ. அலை வடிந்தால் நம் டிராம்பே முகத்துவாரம் போலவே சேறு, குளிக்க லாயக்கில்லை. ஆனால் கடலுக்குள் ஒரு கோயில் நிற்கிறது. சிவதாஸ் சாது என்ற கரும்புத் தோட்டத் தொழிலாளி 1947இல் கரையோரம் கட்டத் தொடங்கினார். நிலம் சர்க்கரைக் கம்பெனியுடையது. கோயிலை இடித்தார்கள், அவருக்கு 14 நாள் ஜெயில். நிலம்தானே உங்களுடையது, கடல் யாருடையது என்று மனுஷன் சேற்றுக்குள் இறங்கிவிட்டார். கல்லையும் சிமென்டையும் சைக்கிளில் சுமந்து ஏறத்தாழ 25 வருஷம் தனியாளாகக் கட்டினார். பிறகு அலை தின்றதை 1995 வாக்கில் அரசாங்கம் எடுத்துக் கட்டியது. இடிக்கும் வண்டி சந்துக்குள் வந்தால் நம் ஊரில் தகரத்தையும் தார்ப்பாயையும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். கடலுக்குள் இறங்கும் யோசனை நமக்கு ஏன் வரவில்லை என்று அங்கே போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

இதே தீவில் லா பிரே என்ற ஊரில் ஏரி நிறையத் தார் இருக்கிறது, இயற்கையாக ஊறியது. காலை வைத்து நடக்கலாம். நம் தெருக் குழிகளை நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

சித்தி மகன் தேனிலவுக்கு இங்கே வரலாமா என்று கேட்டானாம். மும்பையிலிருந்து நேர் விமானம் இல்லை. லண்டன், நியூயார்க் என்று சுற்றித்தான் வரவேண்டும், இரண்டு பேருக்கு லட்சங்கள் பறக்கும். பாவுச்சா தக்காவில் லாஞ்ச் ஏறி ரேவஸில் இறங்கி அலிபாக் போகச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தில் மாட்டுங்காவில் அப்பளமும் பெருங்காயமும் வாங்கி எனக்கு அனுப்பட்டும். கட்டிப் பெருங்காயம், பொடி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்