கரைத்துக் குடித்தவன்

வேதியியலைக் கரைத்துக் குடித்தவன் நான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்கிற மாதிரித் தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்புத் தேர்வில், ‘தண்ணீர் மிகச் சிறந்த கரப்பான்’ என்று எழுதினேன். ஒரே ஒரு கொம்பு விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். வாத்தியார் அதை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டு, “அப்ப அதுக்கு மீசை எங்கேடா?” என்றார். அந்த அவமானத்தில்தான் கரைசல் பாடத்தை நெட்டுருப் போட்டேன். போட்டது சும்மா கிடக்கவில்லை. போன தீபாவளிக்கு மாமியார் வீட்டில் வெளியே வந்தது.

குலாப் ஜாமூனுக்குப் பாகு காய்ச்சும் பொறுப்பை நானாகக் கேட்டு வாங்கினேன். “அரை லிட்டர் தண்ணிக்கு அரைக் கிலோ சர்க்கரை போதும் மாப்பிள்ளை” என்றார் மாமியார். எனக்குச் சிரிப்பு வந்தது. 20 டிகிரியிலேயே 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துவிடும். கொதிக்கிற தண்ணீர் என்றால் 480 கிராமுக்கு மேலேயே போகும். இவ்வளவு பெரிய வயிறு உள்ள தண்ணீரை அரைக் கிலோவோடு எழுப்பிவிடுவது என்ன உபசாரம்? ஒன்றரைக் கிலோவைக் கொட்டினேன்.

கரைந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை. சர்க்கரைப் படிகத்துக்குள் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். தண்ணீர் மூலக்கூறுகள் கூட்டமாக வந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, சுற்றி உட்கார்ந்துகொள்ளும். கல்யாண வீட்டில் சித்திகள் கையில் அகப்பட்ட புதுப்பெண் மாதிரி. தண்ணீரைச் சூடாக்கினால் சித்திகளுக்கு வேகம் கூடும். கிளறினால் அடியில் கிடப்பதும் சீக்கிரம் மாட்டும். ஆனால் எவ்வளவு கிளறினாலும் வேகம்தான் கூடும், கரைகிற அளவு கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். கரண்டியைச் சுழற்றிக்கொண்டே மாமனாருக்கும் விளக்கினேன்.

“உப்பும் இப்படித்தானா மாப்ளே?” என்றார்.

இல்லை. உப்பு வேறு சாதி. 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 36 கிராம் கரையும். கொதிக்கவைத்துக் கெஞ்சினாலும் 40-ஐத் தாண்டாது. எவ்வளவு சூடேற்றினாலும் இம்மியளவுதான் இறங்கி வரும். ‘உங்களை மாதிரி மாமா’ என்று சொல்ல வந்து, தீபாவளிச் செலவு யார் தலையில் என்பது நினைவுக்கு வந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

இனி ஒரு வாய்கூட இறங்காது என்று பந்தியில் இலையை மூடுகிறோமே, அந்த நிலைக்குப் பாடப்புத்தகம் வைத்த பெயர் ‘தெவிட்டிய கரைசல்’. வேதியியலிலேயே சாப்பாட்டு வாசனை வீசும் ஒரே சொல் அதுதான் என்பது என் கட்சி. சூடாக்கினால் இலையை மறுபடி விரிக்கும். ஆறினால்? அளவுக்கு மேல் வாங்கியதைத் திருப்பித் தந்தாக வேண்டும். உடனே தராது. ஒன்றும் நடக்காத மாதிரி ‘அதிதெவிட்டிய கரைசல்’ என்ற பெயரில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். ஒரு துணுக்குச் சர்க்கரை உள்ளே விழுந்தால் போதும். அதைப் பற்றிக்கொண்டு மற்றதெல்லாம் வெளியேறத் தொடங்கும். நான் துணுக்கு போடவில்லை. சர்க்கரை ஒட்டிய கரண்டியையே உள்ளே போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் மனைவி எழுப்பினாள். “ஏங்க, கரண்டி வர மாட்டேங்குது.”

வயிற்றில் புளியைக் கரைத்தது. அதற்கு மட்டும் தெவிட்டு நிலை கிடையாது போலிருக்கிறது. கணக்கு தப்பவே இல்லை: 30 டிகிரியில் அரை லிட்டர் தண்ணீர் தாங்குவது 1,100 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் 400 கிராமுக்கு மேல் கெட்டியாக வெளியே வந்து, ஜாமூன்களை ஆளுக்கொரு கவசம் போட்டு உட்காரவைத்திருந்தது. பனங்கற்கண்டு எடுப்பவர்கள் காய்ச்சிய பதநீருக்குள் நூலைத் தொங்கவிட்டு, நாள் கணக்கில் காத்திருந்து வாங்குவதை நான் ஒரே இரவில் வாங்கியிருந்தேன்.

மாமனார் ஒன்றை எடுத்துத் தரையில் தட்டினார். தரையைத்தான் பார்த்தார்.

மாமியார் ஒன்றும் சொல்லாமல் வெந்நீரை ஊற்றி அடுப்பில் வைத்து, அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். அந்தப் புளிப்பு, சூட்டோடு சேர்ந்து சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும். கலப்படக் கூட்டம் வரிசையில் நிற்காது. படிகம் லேசில் கட்டாது. இதை விளக்க வாயெடுத்தேன். “மாப்பிள்ளை, நீங்க போய் வெடி வெடிங்க” என்றார்.

ஜாமூன்கள் பாகிலேயே கரைந்துபோயின. மத்தியானம் அதைப் பாயசம் என்று பரிமாறினார்கள். பாத்திரத்தின் அடியில் ஒட்டியதில் உள்ளங்கையளவு கற்கண்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. வேண்டியவர்கள் சுத்தியலோடு வரவும்.