சம்பளமில்லாத சட்டாம்பிள்ளைகள்

குற்றம் நடந்த இடம், ஸ்கைரிம் என்ற வீடியோ கேம். கைப்பற்றப்பட்ட பொருட்கள், ஒரு குவியல் உப்பும் ஒரு மீனும். இரண்டையும் ரசவாத மேசையில் போட்டால், குணப்படுத்தும் வித்தையை வலுவாக்கும் கஷாயம் ஒன்று கிடைக்கும். அதை மடக்கென்று குடித்துவிட்டு, ரசவாதத் திறனைக் கூட்டும் மோதிரத்தையும் கையுறையையும் கழற்றி மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். மந்திரம் ஏற்றிய அந்த மோதிரத்தையும் குணப்படுத்தும் வித்தையின் கணக்கிலேயே கேம் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே மோதிரத்தின் வலு ஏறும். ஏறிய வலுவோடு அடுத்த கஷாயம், அதைக் குடித்து மறுபடி கழற்றல், மாட்டல். சுற்றச் சுற்ற எண்கள் கோடிகளைத் தாண்டும். ஆசை அடங்காமல் இன்னும் சுற்றினால் கணக்கு நிரம்பி மைனஸுக்குப் போய், கேமே படுத்துவிடும். தண்டனையும் உள்ளேயே இருக்கிறது, பாருங்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் யாருமில்லை. தனியாள் விளையாடும் கேம் அது. ஒரே அடியில் செத்த டிராகன் மட்டும் வேண்டுமானால் புகார் கொடுக்கலாம்.

டிராகன் கொடுக்காத புகாரையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் போட்ட உத்தரவின் பெயர் 'அன்அஃபிஷியல் ஸ்கைரிம் பேட்ச்'. கம்பெனி சாராத ரசிகர்கள், காசு வாங்காமல் செய்த மாட், அதாவது கேமை மாற்ற அதன்மேல் ஏற்றிக்கொள்ளும் கோப்பு. நன்றியோடு சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: 2011 நவம்பரில் கேமின் கம்பெனியான பெதஸ்டா விற்ற பண்டம் ஓட்டை உடைசலாக இருந்தது. நடுவில் நின்றுபோகும் கதைகள், காற்றில் மிதக்கும் பாறைகள், பேச மறந்த பாத்திரங்கள். இவற்றை உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் திருத்தியவர்கள் இவர்கள்தான். கம்பெனி அந்த நேரத்தில் வேறு வேலையாக இருந்தது. அதே கேமை 2016இல் ஒரு தடவை, 2017இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு ஒரு தடவை, 2021இல் பத்தாம் ஆண்டு விழா என்று இன்னொரு தடவை விற்க வேண்டியிருந்ததல்லவா?

துடைப்பம் எடுத்தவர்கள் அதோடு நிறுத்தியிருந்தால் கோயில் கட்டியிருப்போம். பெருக்கி முடித்த கையோடு பிரம்பையும் எடுத்துக்கொண்டார்கள். உப்புக் கஷாயச் சுற்று ஒழிக்கப்பட்டது. டான்ஸ்டார் ஊரில் பாறையோரம் குனிந்து தடவினால் ஒரு வியாபாரியின் சரக்குப் பெட்டி கைக்குத் தட்டுப்படும். அது எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. ஷோர்ஸ் ஸ்டோன் சிற்றூரின் ரெட்பெல்லி சுரங்கத்தில் இரும்பு வெட்டிக்கொண்டிருந்தோம். உண்மையில் அது எபனி சுரங்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஆராய்ந்து கண்டுபிடித்து, கனிமத்தையே மாற்றி வைத்தார்கள். புவியியல் துறைகூட இவ்வளவு துணிச்சலாக இயங்காது.

வேண்டாதவன் போடாமல் இருந்துவிட்டுப் போகட்டுமே என்பீர்கள். அங்கேதான் வயிறு எரிகிறது. மற்ற மாட்களில் எத்தனையோ இதை அடித்தளமாகக் கேட்கின்றன. ஓர் அழகான வீடோ புதுக் கதையோ வேண்டுமென்றால் முதலில் சட்டாம்பிள்ளையை வீட்டுக்குள் சேர்க்க வேண்டும். மிதக்கும் பாறைக்கு மருந்து வாங்கப் போனவன் தலையில் சுரங்கச் சட்டத்தையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அவர்கள் செய்ததை மட்டும் திரும்பக் கலைப்பதற்கென்றே வேறு மாட்கள் பிறந்தன. திருத்தத்துக்குத் திருத்தம்!

கேட்டால், படைப்பாளியின் நோக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். எந்த நோக்கம்? 1978இல் நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடுவது திட்டமிட்டதல்ல. வரைய வேண்டியவை குறைந்ததும் அந்தக் காலத்துச் சிப்புக்கு மூச்சு வந்தது, அவ்வளவுதான். அவர் அதை அப்படியே விட்டுவைத்தார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் அடிமேல் அடியாகக் கோத்து அடிக்கும் காம்போவும் எதிர்பாராமல் நுழைந்ததுதான். இன்று அது இல்லாமல் சண்டை கேம் என்று ஒரு வகையே இல்லை. குவேக் 3இல் சாய்ந்து சாய்ந்து குதித்து வேகமெடுக்கும் வித்தையை, அந்த கேமின் நிரலை எழுதிய ஜான் கார்மாக்கே ஒழித்துப் பார்த்தார். சாதாரண ஓட்டமும் கெட்டுப்போனது, கைவிட்டார். எழுதியவரே கைவிட்ட இடத்தில் எழுதாதவர் பிரம்போடு நிற்கிறார்.

பலர் சேர்ந்து விளையாடும் சர்வர் வேறு கதை. அங்கே ஒருவன் ஓட்டையில் புகுந்தால் இன்னொருவன் உழைப்பு பாழ். அடைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு வழக்கில்லை. அதையும் ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு மைன்கிராஃப்டின் 'பேப்பர்' சர்வர் மென்பொருளைப் பாருங்கள். பிஸ்டனை வைத்து வெடியை நகலெடுக்கும் தந்திரத்தை அது அடைத்தே தருகிறது. ஆனால் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் சர்வர்காரர் திறந்துகொள்ளலாம். யாருடைய சர்வரோ அவருடைய முடிவு. (அந்தப் பிஸ்டனே முதலில் ஒரு ரசிகரின் மாடாக வந்து, 2011இல்தான் கேமுக்குள் நுழைந்தது. அன்றைக்கே ஒரு சட்டாம்பிள்ளை இருந்திருந்தால், நோக்கத்தில் இல்லை என்று பிடுங்கிப் போட்டிருப்பார்.)

நோக்கம் நோக்கம் என்று உருகுகிறார்களே, முதலாளிகளின் நோக்கம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். 2018இல் யூபிசாஃப்ட் 'அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி'யை முழு விலைக்கு விற்றது. அனுபவப் புள்ளி சீக்கிரம் ஏற வேண்டுமானால் இன்னும் சுமார் 10 டாலர் வை என்று உள்ளேயே ஒரு கடையும் திறந்தது. அடுத்த ஆண்டு, நீங்களே கதை எழுதி விளையாடுங்கள் என்று ஒரு கருவியைக் கொடுத்தது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? புள்ளியை மூட்டையாக அள்ளும் கதைகளாக எழுதித் தள்ளினார்கள். உடனே கம்பெனிக்கு ஒழுக்கம் பொத்துக்கொண்டு வந்தது. கருவியின் நேர்மையே கெடுகிறதாம். அப்படிப்பட்ட கதைகளை ஒதுக்குவோம், நீக்குவோம் என்று அறிவிப்பு. காசு கொடுத்துக் குறுக்கு வழியில் போனால் வாடிக்கையாளர், மூளையைக் கொடுத்துப் போனால் குற்றவாளி.

இன்னொரு முதலாளி, ராக்ஸ்டார். அதன் ஜிடிஏ ஆன்லைன் 2013இல் வந்தது. உள்ளே நுழைவதற்குள் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட முடிந்தது. 2021இல் வெளியாள் ஒருவர் நிரலைப் பிரித்துப் பார்த்தார். கேமுக்குள் காசு கொடுத்து வாங்கும் சாமான்களின் பட்டியல், சுமார் 63,000 பதிவுகள். அதைப் படிக்கும் அழகில்தான் நேரம் போய்க்கொண்டிருந்தது! அவர் தன் கணினியில் 6 நிமிடத்தை 2 நிமிடத்துக்குள் கொண்டுவந்து காட்டினார். ராக்ஸ்டார் ஒப்புக்கொண்டு 10,000 டாலர் கொடுத்தது. இத்தனை வருடம் நம்மைக் கடை வாசலில் நிற்க வைத்ததற்கு நமக்கு என்ன கொடுத்தது என்று கேட்காதீர்கள்.

இந்த முதலாளிகளின் விதிகளுக்குத்தான் கூலியில்லாமல் காவல் நிற்கிறீர்கள், சட்டாம்பிள்ளைகளே. உங்களை அவர்கள் எந்த விலைக்கு மதித்தார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. 2015 ஏப்ரலில் வால்வ் கம்பெனியின் கேம் கடையான ஸ்டீமில் ஸ்கைரிம் மாட்களைக் காசுக்கு விற்க ஏற்பாடு செய்தார்கள். எழுதியவருக்கு 25 சதவீதம். மீதி 75ஐ வால்வும் பெதஸ்டாவும் பிரித்துக்கொள்வதாகத் திட்டம். ஊர் திரண்டு கத்தியதால் சில நாளிலேயே சுருட்டிக்கொண்டார்கள். உங்களில் பலருக்காகவும் சேர்த்துக் கத்தியவர்கள் யார்? உப்பும் மீனும் இடித்துக்கொண்டிருந்த அதே அயோக்கியர்கள்.

ஆகவே, ஐயா, பாறை மிதந்தால் இறக்கி வையுங்கள். கதை நின்றால் தள்ளிவிடுங்கள். கும்பிடு போட்டு வாங்கிக்கொள்கிறோம். கஷாயத்தைத் தடுக்கவும் பெட்டியை ஒளிக்கவும் சுரங்கத்தைத் திருத்தவும் ஆசை இருந்தால் அவற்றைத் தனி மாடாக, தனிக் கோப்பில் போடுங்கள். வேறு எதற்கும் அதை அடித்தளம் ஆக்காதீர்கள். என் கணினியில் எதை ஏற்றுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.