பத்தாயிரம் அண்ணே

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தாமானுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். புக்கிட் ரோத்தானில் இருக்கிறார், ஈஜோக்கில் இருக்கிறார். பெஸ்தாரி ஜெயாவில் இரண்டு பேர்; அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சட்டையின் இடது கை மட்டும் எப்போதும் ஒரு மடிப்பு மேலே ஏறியிருக்கும். காலையில் எதிர்ப்பட்டால் ஊர் வழக்கப்படி "பசியாறிட்டீங்களா?" என்றுதானே கேட்க வேண்டும்? இவர் கேட்க மாட்டார். உங்கள் மணிக்கட்டை ஒரு பார்வை, தன் மணிக்கட்டை ஒரு பார்வை. "இன்னைக்கு எத்தன?" என்பார். நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அவருடையது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஊர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பத்தாயிரம் அண்ணே.

வாச்சு, ஷா ஆலாமில் வேலை பார்க்கும் மகள் ஷோப்பியில் வாங்கி அனுப்பியது. விலையை அவள் சொல்லவில்லை. அண்ணன் மறுநாளே கண்டுபிடித்துவிட்டார்: இருநூறு வெள்ளிக்குள். ஷாவ்மி பட்டை வகை. 2014-இல் முதல் மி பேண்ட் வந்தபோது அதற்குத் திரையே கிடையாது. மூன்று சின்ன விளக்குகள் மினுங்கும், அவ்வளவுதான். இன்று அதே வம்சத்துப் பட்டையில் வண்ணத் திரை, இதயத் துடிப்பு, ஆக்ஸிஜன், தூக்கக் கணக்கு, போதாததற்கு நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகள். அந்தப் பட்டியலை அண்ணன் மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். பனிச்சறுக்கு இருந்தது. பால்மரம் வெட்டுவது இல்லை, செம்பனைக் குலை வெட்டுவதும் இல்லை. "நம்ம ஆளுங்கள கேக்காமயே செஞ்சிட்டானுங்க லா" என்று மூடி வைத்தார்.

அந்த வருத்தம் சும்மா வந்ததல்ல. அண்ணன் மீசை அரும்பும் வயதில் தீம்பாருக்குள் போனவர். இருட்டோடு பெரட்டு, நெற்றியில் விளக்கு, ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம். வெயில் ஏறினால் பால் இறங்காது என்பதால் எல்லாமே ஓட்டம்தான். பிறகு மங்கு மங்காகப் பாலை ஊற்றிச் சேர்த்து, காண்டாவில் தோள் மாற்றித் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுபோனால் அங்கே கிராணி தராசோடு உட்கார்ந்திருப்பார். பாலுக்குள் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, அதில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பார். எத்தனை கிலோ என்பது ஏட்டில் ஏறும். எவ்வளவு தூரம் நடந்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கித்தா மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்தபோது அண்ணன் குலை வெட்டினார், கடைசியில் மண்டோராகி ஓய்வு பெற்றார்.

செம்பனை இந்தப் பக்கத்துக்குப் பழைய உறவு. நாட்டிலேயே முதல்முதலாக வணிகத்துக்கென்று அது நடப்பட்டது 1917-இல், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். நடவைத்தவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை. துரை பிறகு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். அந்தக் கன்றுகளைத் தூக்கிக்கொண்டு நிரை நிரையாக நடந்தவர்கள் எத்தனை ஸ்டெப்ஸ் போட்டார்கள் என்பதற்கு மட்டும் எந்த ஏட்டிலும் கணக்கு இல்லை.

ஆயுள் முழுக்க அடுத்தவன் தராசில் நின்றவர் என்பதால், அளக்கும் சாமான் எதைக் கண்டாலும் அண்ணனுக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஒட்டுக்கடையில் உட்கார்ந்து அவர் எழுப்பிய கேள்வி இது: "பால்ல தண்ணி கலந்தா மெட்ரோலாக் காட்டிக் குடுத்துரும். வாச்சு தண்ணி கலந்தா யாரு காட்டிக் குடுப்பா?"

அவரே காட்டிக் கொடுப்பதென்று முடிவானது.

முதல் சோதனை புக்கிட் மெலாவத்தியில் நடந்தது. இடது பையில் பத்துக் கூழாங்கல். நூறு அடிக்கு ஒரு கல் வலது பைக்கு மாறும். 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தைத் தாண்டி வளைந்து போகும் பாதையில், உதடு அசைய எண்ணிக்கொண்டே போனார். எதிரே வந்தவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். பத்தாவது கல் மாறியபோது வாச்சு 987 காட்டியது. "பதிமூணு கொறையுது" என்று நின்று யோசித்தார். "பரவால, கிராணிக்கு இவன் தேவல."

ஆனால் அந்தக் குன்றில் வெள்ளிமுடிக் குரங்குகள் உண்டு. சுற்றுலாக்காரர்கள் நீட்டும் பயத்தங்காய்க்குப் பழகியவை, தோளில் ஏறி உட்காரவும் கூச்சப்படாதவை. அண்ணன் மணிக்கட்டைத் திருப்பியதும் திரை ஒளிர்ந்தது. அதைப் பார்த்த ஒரு தாய்க்குரங்கு இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்தது. அண்ணன் உதற, அது விடாமல் இழுக்க, நின்ற இடத்திலேயே பதினெட்டு ஸ்டெப்ஸ் ஏறிவிட்டது. அதைக் கழித்துக்கொள்ள அந்த வாச்சில் வழியே இல்லை என்பதில் அவருக்கு இன்றும் மனக்குறை.

இதற்கு வாச்சைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளே இருப்பது முடுக்கமானி. கையின் அசைவைத்தான் அதற்குத் தெரியும், காலைத் தெரியாது. சீரான வீச்சு வந்தால் ஓர் அடி என்று எழுதிக்கொள்ளும். இந்தச் சூத்திரம் பிடிபட்டதும் அண்ணன் தாமான் முழுவதையும் அதை வைத்து அளந்தார். பேரங்காடியில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி அரிசி வரிசைக்கும் மீன் வரிசைக்கும் எத்தனை முறை அலைந்தாலும் கை அசையாததால் கணக்கு ஏறாது. தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டாரில் குலுங்கிக்கொண்டே போனால் உட்கார்ந்த இடத்தில் ஏறும். உறுமி மேளக் குழுவில் இருக்கும் தங்கை மகன் கையில் கட்டிவிட்டுப் பார்த்தார். ஒரே ஊர்வலத்தில் பத்தாயிரம் தாண்டியது. தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படியையும் பால்குடத்தைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி ஏறிய அண்ணிக்கோ அது குறைத்தே காட்டியது. மாடி ஏறுவதைக் கண்டுபிடிக்கக் காற்றழுத்த உணரி வேண்டும்; இந்த விலைக்கு அதைப் பெரும்பாலும் வைப்பதில்லை. "மேளம் அடிச்சவனுக்குப் புண்ணியம், படி ஏறுனவளுக்கு ஒண்ணுமில்ல" என்று அண்ணன் தீர்ப்பு எழுதினார்.

பத்தாயிரம் என்ற எண்ணை எந்த டாக்டர் சொன்னார் என்று ஒருநாள் ஓய்வுபெற்ற வாத்தியார் கேட்டுவிட்டார். அதுவரை அண்ணன் அதை உலகச் சுகாதார நிறுவனத்தின் உத்தரவு என்றே நம்பியிருந்தார். வாத்தியார் மீ கோரெங்கை ஓரமாக நகர்த்திவிட்டு விளக்கினார்: 1964-இல் தோக்கியோவில் ஒலிம்பிக், அடுத்த ஆண்டே யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது, அதற்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படப் பெயர் வைத்தது, எண் அங்கிருந்து கிளம்பி உலகம் சுற்றியது. 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதான பதினாறாயிரத்துச் சொச்சம் பெண்களை வைத்து ஐ-மின் லீ என்பவரின் குழு பார்த்ததில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட மரண ஆபத்து தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் பெரிதாகக் கூடுதல் லாபம் தெரியவில்லை.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். "அது பொம்பளைங்க கணக்கு வாத்தியாரே. அதோட, ஊர்ல எம்பேரு ஏழாயிரத்து ஐந்நூறு அண்ணே இல்லையே."

இதயத் துடிப்பில் வாச்சு நல்ல பெயர் வாங்கியது. அடியில் மினுங்கும் பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் உறிஞ்சும் அளவு மாறும். அந்த மாற்றத்தை எண்ணித்தான் கணக்கு. கிளினிக்கில் மிஸ்ஸி விரலில் மாட்டிய கருவி 74 என்றபோது வாச்சு 75 என்றது. அண்ணன் அக்கம்பக்கம் பார்த்தார், மற்றவர்களும் பார்த்தார்களா என்று. உட்கார்ந்திருக்கும்போது இது சரியாகவே இருக்கும். பட்டை லொடலொடவென்று இருந்தாலோ, வேகமாகக் கையை வீசினாலோதான் தடுமாறும். மணிக்கட்டில் வேல் பச்சை குத்தியிருந்த ஒரு பையனுக்குத் துடிப்பே காட்டவில்லை. பையன் பயந்துபோனான். மை ஒளியை மறிக்கிறது என்று சொல்லி, வாச்சை வலது கைக்கு மாற்றச் சொல்லி, அவனுக்கு உயிர் கொடுத்தவர் அண்ணன்தான்.

அவர் உண்மையாகவே கோபப்பட்டது பசார் மாலாமில் வாங்கிய ஒரு வாச்சைப் பார்த்துத்தான். ஐம்பது வெள்ளி. பெயரை உற்றுப் பார்த்தால் ஆப்பிள் மாதிரி, ஆனால் ஓர் எழுத்து கூட. துடிப்பு மட்டுமல்ல, பிரஷரும் சுகரும்கூடக் காட்டும் என்று வாங்கியவர் சொன்னார். அவர் பழைய கூட்டாளி; சீனி வியாதிக்காரர்; மாத்திரை எடுக்கக் கிளினிக் போவதையே நிறுத்தலாமா என்ற யோசனையில் இருந்தார். அண்ணன் பேசவில்லை. வாச்சைக் கழற்றி வாங்கி, கடைக்குப் பின்னால் நின்ற வாழைமரத்தின் தண்டில் கட்டினார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வாச்சு முடிவைச் சொன்னது: பிரஷர் 118-க்கு 76, சுகர் 5.4. "வாழமரத்துக்கு வியாதி ஒண்ணுமில்ல. நல்லா இருக்கட்டும். நீ நாளைக்கு கிளினிக் போ" என்றார்.

இதில் விளையாட்டு இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. ஊசி குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் எந்த வாச்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. பிரஷரும் அப்படித்தான். விலையுயர்ந்த சாம்சுங் வாச்சே நான்கு வாரத்துக்கு ஒருமுறை கையில் பட்டை சுற்றும் உண்மையான கருவியோடு ஒத்துப் பார்க்கச் சொல்கிறது. அரசு கிளினிக்கில் அந்தக் கருவியில் கையை நீட்ட ஒரு வெள்ளி.

சுகரில் இவ்வளவு கறாராக இருப்பவர் கலோரியில் மட்டும் சறுக்கிவிடுவார். மாலை நடை முடிந்து வாச்சு 310 என்று காட்டினால், ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 என்பதால், அதைச் சாப்பிடும் உரிமை தனக்கு வந்துவிட்டதாக அவர் நம்புகிறார். மிச்சம் பத்துக்குத் தே தாரிக். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகளில் இதயத் துடிப்புப் பிழை ஐந்து விழுக்காட்டுக்குள் அடங்கியது. கலோரியில் மிகச் சிறந்த கருவியே 27 விழுக்காடு தவறியது, மிக மோசமானது 93. வாத்தியார் இதையும் எடுத்துச் சொன்னார். அண்ணன் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடி, "அப்ப இன்னும் கூட எரிஞ்சிருக்கலாம் லா" என்றார்.

தூக்கக் கணக்கைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது. வானவில் அலைவரிசையில் நாடகம் ஓடும் நேரத்தில் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்ததை, 'மெல்லிய உறக்கம், ஒரு மணி ஐந்து நிமிடம்' என்று அது எழுதிவிட்டது. அசையாமல் கிடந்தால் தூக்கம் என்று எடுத்துக்கொள்வது இவ்வகைக் கருவிகளின் இயல்புதான். நாடகத்தில் என்ன நடந்தது என்று அண்ணி கேட்டார். அண்ணனால் சொல்ல முடியவில்லை. இந்த ஒரு வழக்கில் வாச்சு பக்கம் நியாயம் இருந்தது.

இப்போது பதினைந்து மைல் சுற்று வட்டாரத்தில் யார் வாச்சு வாங்கினாலும் முதலில் இவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கிப் போடுகிறார்கள். விசாரணை ஒட்டுக்கடையில் நடக்கும். தமிழில் 'வணக்கம்' என்று ஒரு செய்தி அனுப்பச் சொல்வார். திரையில் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் பாதி மதிப்பெண் போச்சு. சார்ஜ் எத்தனை நாள் நிற்கும்? ஒரு வாரத்துக்குக் குறைந்தால் வேண்டாம். சார்ஜர் தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா? ஒவ்வொரு மாடலுக்கும் காந்த முனை வேறு. வெயிலில் திரை தெரிகிறதா? வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார். ஐம்பது மீட்டர் நீர் தாங்கும் என்று எழுதியிருந்தால், அது அசையாத நீரின் அழுத்தக் கணக்கு, பாசிர் பெனாம்பாங் ஆற்றில் குதிப்பதற்கான அனுமதி இல்லை என்று விளக்குவார். ஜிபிஎஸ் இல்லாத பட்டையில் போனை வீட்டில் வைத்துவிட்டு நடந்தால், உயரத்தை வைத்துத்தான் தூரத்தை ஊகிக்கும். அண்ணன் தன் உயரத்தை ஐந்தடி ஒன்பது என்று கொடுத்திருக்கிறார். அவரை நேரில் பார்த்தவர்கள் அந்தக் கிலோமீட்டரில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறார்கள்.

நடக்க மறுப்பவர் அல்ல அவர். மழை பெய்தால் வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் நடப்பார். இரவு பத்தரைக்கு 9,600-இல் நின்றால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நடப்பார். நாய்கள் குரைத்துவிட்டுப் பழகிப்போயின. வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம் மட்டும் அவரை யாராலும் அசைக்க முடியாது. போன ஞாயிறு அப்படி ஒரு நேரத்தில்தான் அண்ணி, முனைக் கடையில் கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னார்.

"வாச்சு சார்ஜ்ல இருக்கு."

"கறிவேப்பிலைக்கு எதுக்கு வாச்சு?"

"இப்ப நடந்தா அது கணக்குல வராது லா. வேஸ்ட்டு. நூறு ஆவட்டும், போறேன்."

அண்ணி செருப்பை மாட்டினார், போனார், முனைக் கடையில் இல்லாததால் பின் வரிசை வரைக்கும் நடந்து ஒரு வீட்டில் ஒடித்துக்கொண்டு திரும்பி வந்தார். வாச்சு 62 விழுக்காட்டில் இருந்தது.