கேள்வியும் பதிலும்

கேள்வி: மத உரிமை பெரிதா, துயரத்தில் இருக்கும் ஊரின் மனம் பெரிதா?
– ஒரு வாசகி, கல்லடி

பதில்: உரிமைதான் பெரிது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வாசலில் போய் அதை முழங்கக் கூடாது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்து இறந்தவர்களில் பலர் சிறுபிள்ளைகள். அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில், குண்டுதாரியின் உடற்பாகங்களை அதிகாரிகள் ஓசைப்படாமல் கள்ளியங்காடு இந்து மயானத்தில் புதைத்தார்கள். ஊர் கொதித்தது. வீதிக்கு வந்தவர்கள் மீது பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. கடைசியில் நீதிமன்ற உத்தரவோடு தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. எந்த உடலையும் எங்காவது அடக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஊரைக் கேட்காமல் இருட்டடிப்புச் செய்தார்களே, குற்றம் அதுதான். அந்த உடலுக்கு இடம் கிடைப்பது சுலபமில்லைதான்; குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று முஸ்லிம் உலமாக்களே முன்பே அறிவித்திருந்தார்கள்.

இதே நியாயத்தை அடுத்த வீட்டுக்கும் வையுங்கள், அம்மா. 2020இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை அரசு கட்டாயமாக எரித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. அந்த வீடுகளிலும் அழுகைதான். எந்த இடம் என்பதை ஊரோடு பேசித் தீர்க்கலாம்; அடக்கத்தையே மறுக்க எந்த அரசுக்கும் உரிமை கிடையாது. 2021 மார்ச்சில்தான் நம் மாவட்டத்து ஓட்டமாவடியில் ஆறடி நிலம் கிடைத்தது. அமைச்சரவை மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை ஆயிற்று.